பிஆர்ஆர்எஸ்: தடுப்பூசி குட்டிக்கா, தாய்க்கா?

பன்றிகளுக்குக் கருச்சிதைவையும் மூச்சு நோயையும் தரும் பிஆர்ஆர்எஸ் வைரஸ் பண்ணைக்குள் புகுந்துவிட்டால் பேசப்படும் வழிகள் மூன்று. குட்டிகளுக்கு வீரியம் குறைத்த உயிருள்ள தடுப்பூசி. அதே ஊசியைத் தாய்ப்பன்றிகளுக்குப் போட்டு மந்தையை மூடிவைப்பது. செயலிழந்த வைரஸ் தடுப்பூசி. இவற்றில் எது மேல் என்பதைக் குட்டியின் தைமஸ் சுரப்பியில் நடப்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களான டி செல்கள் முதிர்வது தைமஸில்தான். கருவிலோ பிறந்த முதல் வாரங்களிலோ தொற்று வந்தால், அதன் புறணியில் சிடி4, சிடி8 என்ற இரண்டு அடையாளப் புரதங்களையும் தாங்கிய இளம் டி செல்கள் பெருமளவில் மடிந்து சுரப்பியே சுருங்குகிறது. நுரையீரலில் கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களுக்குள் வைரஸ் சிடி163 என்ற ஏற்பி வழியாக நுழைந்து அவற்றையும் அழிக்கிறது. எதிர்ப்பொருளைச் சுரக்கும் பி செல்களோ அளவுமீறித் தூண்டப்பட்டு, வைரஸை முடக்காத எதிர்ப்பொருள்களைக் கொட்டுகின்றன. எலைசா என்ற ரத்தச் சோதனையில் தொற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் எதிர்ப்பொருள் தெரியும். வைரஸை முடக்கும் வகை உருவாக 4 வாரமோ அதற்கு மேலோ ஆகும். எலைசா பாசிட்டிவ் என்றால் குட்டிக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைப்பது பெரிய பிழை. அந்த இடைவெளியில்தான் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் என்ற பாக்டீரியா மூளையுறை அழற்சியையும் மூட்டு வீக்கத்தையும் கொண்டுவருகிறது.

குட்டிக்கு ஊசி போடுவது வழக்கமாக 2 அல்லது 3 வார வயதில். பாதுகாப்பு வர இன்னும் 3, 4 வாரம். ஈனும் கொட்டிலிலேயே வைரஸ் சுற்றினால் தைமஸ் அதற்குள் அடிவாங்கியிருக்கும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் அதிகமாக இருந்தால் ஊசியின் பலனும் மங்கும். பால் மறந்த பிறகு, 8 வாரத்தையொட்டித் தொற்று வரும் பண்ணைக்கு இது நல்ல வழி. அங்கும் நோயின் கடுமை குறையுமே தவிர, தொற்று நிற்காது.

தொற்று ஈனும் கொட்டிலிலேயே வருகிறதா, பால் மறந்த பிறகா என்று அறிய, பால் மறக்கும் வயதில் 30 குட்டிகளின் ரத்தத்தில் வைரஸின் மரபணுவைத் தேடும் ஆர்டி-பிசிஆர் சோதனை செய்யுங்கள். பத்தில் ஒன்றுக்குத் தொற்று இருந்தாலும் அதைப் பிடிக்க 95% வாய்ப்பு உண்டு. உயிருள்ள ஊசி போட்ட குட்டிகளில் ஊசி வைரஸும் பாசிட்டிவ் காட்டும். அப்போது மரபணு வரிசையைப் பார்த்துத்தான் பிரித்தறிய முடியும்.

தாய் வழி கடினமானது, ஆனால் வேரைத் தொடுவது. 114 நாள் சினையின் கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான் வைரஸ் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அதிகம் தாக்குகிறது. எதிர்ப்பொருள்கள் அந்த வழியே கடப்பதில்லை. குட்டிக்கு அவை கிடைப்பது சீம்பாலில்தான். முதல் 24 மணி நேரத்தில் ஒவ்வொரு குட்டிக்கும் 200 முதல் 250 கிராம் போய்ச்சேர வேண்டும். தாய்மந்தை முழுவதற்கும் ஒரே நாளில் ஊசி, 4 வாரத்தில் மறு ஊசி, பிறகு குறைந்தது 200 நாள் வெளியிலிருந்து பெட்டைகள் (இன்னும் ஈனாத இளம் பெண்பன்றிகள்) வரக்கூடாது. வைரஸ் டான்சிலிலும் நிணநீர் முடிச்சுகளிலும் 5 மாதம்வரை பதுங்குவதால்தான் இத்தனை நாள். பாதி வழியில் புதுப் பெட்டைகளை இறக்கினால் பதுங்கிய வைரஸுக்குப் புது இரை கிடைத்து எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். 24 மணி நேரத்துக்குப் பின் குட்டிகளை வேறு தாய்க்கு மாற்றாதீர்கள். ஒவ்வோர் ஈற்றுக்கும் புது ஊசிமுனை வேண்டும்.

வைரஸையே காணாத மந்தைக்கு இந்த வழி வேண்டாம். ஊசி வைரஸும் பரவும், சினையில் கருவையும் எட்டும். 1996-ல் டென்மார்க்கில் ஊசி வைரஸ் வீரியம் மீண்டு, ஊசி போடாத மந்தைகளிலும் பரவியது.

செயலிழந்த ஊசி பாதுகாப்பானது. 3, 4 வார இடைவெளியில் இரண்டு முறை போட வேண்டும். வைரஸைக் காணாத பன்றியில் அதன் பலன் மிகக் குறைவு. ஏற்கெனவே தொற்றோ உயிருள்ள ஊசியோ கண்ட தாய்க்கு எதிர்ப்பொருளை உயர்த்தும் துணை ஊசியாக மட்டுமே அதைப் பரிந்துரைப்போம்.

உயிருள்ள ஊசியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வையுங்கள். சிரிஞ்சைக் கிருமிநாசினியால் கழுவினால் ஊசி வைரஸ் செத்துவிடும். கொதிநீர் போதும், ஆறியபின் மருந்தை ஏற்றுங்கள். மூடிய மந்தையைத் திறக்குமுன், பால் மறக்கும் 30 குட்டிகளை மாதம் ஒருமுறை சோதியுங்கள். தொடர்ந்து நான்கு முறை நெகட்டிவ் வந்தபின் புதுப் பெட்டைகளை ஏற்றலாம்.