டீசல் பிக்கப்புக்கு மைலேஜ் பெட்டி மாட்டப் போகிறீர்களா? பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

கோபத்தில்தான் எழுதுகிறேன். 38 ஆயிரம் போய்விட்டது. டீசல் பிக்கப் வைத்துச் சரக்கு ஓட்டுகிற வேறு யாரும் இதே மாதிரி ஏமாறக் கூடாது. கடையின் பெயரைப் போடவில்லை. வண்டிக்குப் பவர் கூட்டித் தருகிறோம், மைலேஜ் கூட்டித் தருகிறோம் என்று விளம்பரம் செய்கிற ட்யூனிங் கடை, அவ்வளவு தெரிந்தால் போதும். நடந்ததைச் சொல்லிவிட்டு, தினசரி ஓட்டத்தில் டீசலை உண்மையாகவே மிச்சப்படுத்த என்ன செய்யலாம் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

என்னுடையது டபுள் கேப், டர்போ டீசல், காமன் ரெயில் இஞ்சின். ஒரு நாள் லோடு இருக்கும், ஒரு நாள் காலியாக ஓடும். டவுனுக்குள் கொஞ்சம், ஹைவேயில் கொஞ்சம். டேங்க் நிரப்பிக் கணக்குப் போட்டால் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் வரும், டாஷ்போர்டில் 10.4 என்று காட்டும். அந்த எடைக்கும் அந்த ஓட்டத்துக்கும் அது குறை சொல்லும்படியான மைலேஜ் இல்லை. ஆனால் தினமும் ஓடுகிற வண்டி. லிட்டருக்கு ஒரே ஒரு கிலோமீட்டர் கூடினாலும் மாசக் கடைசியில் கையில் நிற்கிற காசு வேறு. அது தெரிந்துதான் வலை விரிக்கிறார்கள்.

கடையில் காட்டியது உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி. இரண்டு பக்கமும் கப்ளர். இஞ்சினில் டீசல் பிரஷர் சென்சாருக்குப் போகிற கப்ளரைக் கழற்றி நடுவில் இதைச் சொருகி, ஒரு டேக் போட்டு ஒயரிங்கோடு சேர்த்துக் கட்டினார்கள். கால் மணி நேர வேலை. “அண்ணே, மைலேஜ் நிச்சயம் ஏறும். ஏறலேன்னா என்னைக் கேளுங்க” என்றார் கடைக்காரர். அதற்கே நான் பணத்தை எடுத்துவிடவில்லை. ஓட்டிப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சாவியை என்னிடமே கொடுத்தார்.

நான்தான் ஓட்டினேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மேடு பள்ளம் இல்லாத நேர் ரோடு. ட்ரிப் மீட்டரை ஜீரோ பண்ணச் சொன்னார். வண்டி நிஜமாகவே துள்ளியது. ஆக்ஸிலேட்டரை முன்பு மிதித்த அளவு மிதிக்க வேண்டியதே இல்லை. டாஷ்போர்டில் எண் 10.8 ஆனது, 11 ஆனது, 11.4-இல் போய் நின்றது. “நான் சொல்ல வேணாம்ணே, உங்க வண்டியே சொல்லுது பாருங்க.” அந்த இடத்தில்தான் நம்பினேன். அவர் கொண்டுவந்த கருவி காட்டியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். காட்டியது வருஷக்கணக்காக நான் பார்த்து ஓட்டுகிற என் வண்டியின் மீட்டர். திரும்பி வந்ததும் 38 ஆயிரத்தையும் எண்ணிக் கொடுத்தேன்.

அடுத்த டேங்க் நிரப்பும்போதுதான் குட்டு வெளிப்பட்டது. நான் எப்போதும் ஒரே பங்க், ஒரே பம்ப், ஒரே மாதிரிதான் நிரப்புவேன். டீசல் நுரைக்கும். முதல் கட்-ஆஃபிலேயே நிறுத்திவிட்டால் ஒரு தடவை குறைவாக நிற்கும், இன்னொரு தடவை கூடுதலாக நிற்கும், கணக்கே தப்பாகிவிடும். அதனால் நுரை அடங்கும்வரை காத்திருந்து, மெதுவாக விட்டு, டேங்க் கழுத்தில் டீசல் தெரிகிற அளவுக்கு நிரப்புவேன். அன்றைக்கும் அப்படியே நிரப்பினேன். ஓடியது 604 கிலோமீட்டர். இறங்கிய டீசல் 62.9 லிட்டர். லிட்டருக்கு 9.6! டாஷ்போர்டோ அதே 11.4-ஐக் காட்டிக்கொண்டு நிற்கிறது. மீட்டர் சொல்வது உண்மையானால் 53 லிட்டர்தான் செலவாகியிருக்க வேண்டும். மீதிப் பத்து லிட்டர் எங்கே? கீழே குனிந்து லீக் இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

கடைக்குப் போன் செய்தேன். “இஞ்சின் கம்ப்யூட்டர் இதுக்குப் பழகணும் அண்ணே, ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும்.” சரி என்று ஓட்டினேன். மறுபடி நிரப்பினேன், அதே கதைதான். “நீங்க போடற டீசல் சரியில்லை.” பங்க்கை மாற்றிப் பார்த்தேன், மாற்றமில்லை. “பவர் கூடினதும் எல்லாரும் வேகமா ஓட்டிடறாங்க சார், நாங்க என்ன பண்ண முடியும்?” நான் 80-ஐத் தாண்டுவதே அபூர்வம். நேரில் போய் பில்லைக் காட்டினேன். கடைக்காரர் பில்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டாஷ்போர்டைக் காட்டி, “மீட்டர்ல 11.4 இருக்கே சார், இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?” என்றார். 38 ஆயிரத்தைத் திருப்பிக் கேட்டதும் பேச்சே மாறியது. வாரண்டி பெட்டிக்குத்தானாம், மைலேஜுக்கு இல்லையாம். மாட்டிய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். பணம் கொடுக்கும்போது இதில் ஒரு வார்த்தைகூட யாரும் சொல்லவில்லை. இப்போது என் நம்பரைப் பார்த்தால் போனையே எடுப்பதில்லை.

நடுவில் இன்னொரு தொல்லை. எக்ஸாஸ்டில் இருக்கிற புகைக்கரி ஃபில்டர் அடிக்கடி தன்னைத் தானே சுத்தம் செய்ய ஆரம்பித்தது. வண்டி நிற்கும்போது ஐட்லிங் ஏறும், ஃபேன் கத்தும், சூட்டு வாடை அடிக்கும். ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் அளவு மேல் கோட்டைத் தாண்டியிருக்கிறது, முகர்ந்தால் டீசல் வாடை. பயந்துபோய் எனக்குத் தெரிந்த டீசல் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் பானெட்டைத் திறந்ததும் முதலில் கைவைத்தது அந்தப் பெட்டியில்தான்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன், இதுதான் முக்கியம். பெரும்பாலான வண்டிகளில் எவ்வளவு டீசல் போகிறது என்று நேராக அளக்கிற மீட்டர் எதுவும் கிடையாது. ரெயிலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகிற பொதுக் குழாய்) பிரஷர் எவ்வளவு, இன்ஜெக்டர் (டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற முனை) எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்துக் கம்ப்யூட்டர் கணக்குத்தான் போடுகிறது. கிடங்கில் மூட்டையை எண்ணாமல் பேரேட்டை மட்டும் கூட்டிச் சொல்கிற கணக்குப்பிள்ளை மாதிரி. இந்தப் பெட்டி சென்சாருக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, பிரஷர் குறைவாக இருப்பதாகக் கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்கிறது. கம்ப்யூட்டர் பிரஷரை ஏற்றுகிறது. அதே நேரத்துக்கு இன்ஜெக்டர் திறந்தாலும் உள்ளே போகிற டீசல் அதிகம், எழுதுகிற கணக்கு குறைவு. ஆக்ஸிலேட்டரைக் குறைவாக மிதித்தாலே வண்டி ஓடியதும் அதனால்தான். டீசல் மிச்சமாகவில்லை, கணக்கில் வராமல் போகிறது. டாஷ்போர்டில் ஏறியது மைலேஜ் அல்ல.

கூடுதல் டீசலால் கரியும் கூடும். கரி கூடினால் ஃபில்டர் சீக்கிரம் அடையும். அதை எரிக்க எக்ஸாஸ்ட் சூடு 600 டிகிரிக்குப் பக்கத்தில் போக வேண்டும், அதற்கு இஞ்சின் தனியாக டீசல் பீய்ச்சும். அதில் ஒரு பங்கு எரியாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலோடு கலக்கும். ஆயில் மட்டம் ஏறியது அப்படித்தான். பெட்டியைக் கழற்றி, ஆயில் மாற்றி, டேங்க் நிரப்பி ஓட்டினேன். டாஷ்போர்டு 10.4, பங்க் கணக்கு 10. பழையபடியே. ஆயில் செலவு போகட்டும், 38 ஆயிரம் அந்தக் கறுப்புப் பெட்டிக்கு மட்டும். அது இப்போது என் டூல்ஸ் டப்பாவில் கிடக்கிறது.

இந்தப் பெட்டி மட்டுமில்லை. டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் சொருகுகிற குட்டிக் கருவி, ட்யூபில் மாட்டுகிற காந்தம், டேங்கில் போடுகிற மாத்திரை என்று நிறைய விற்கிறார்கள். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்த வகைக் கருவிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைப் பரிசோதித்திருக்கிறது. மிகப் பெரும்பாலானவற்றால் சொல்லிக்கொள்ளும்படி எந்தப் பலனும் இல்லை.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டாஷ்போர்டு எண்ணை ஆதாரமாக எடுக்காதீர்கள், ஃபுல் டேங்க் டு ஃபுல் டேங்க் மட்டும்தான் கணக்கு. பெரிய சைஸ் டயர் போட்டிருந்தால் கிலோமீட்டரும் குறைவாகக் காட்டும், அதையும் சேர்த்துப் பாருங்கள். டயர் காற்றை வண்டி ஆறியிருக்கும்போது பாருங்கள். காலியாக இருக்கும்போது கேரியரையும் தேவையில்லாத இரும்பையும் இறக்கி வையுங்கள். ஹைவேயில் 100-இல் போகிறவர் 80-க்கு இறங்கினாலே வித்தியாசம் தெரியும், பிக்கப்பின் முகம் அகலம், காற்று சும்மா விடாது. பின்கதவைத் திறந்துபோட்டு ஓட்டினால் மிச்சம் என்று சொல்வதை நம்பாதீர்கள். கிட்டக் கிட்ட ஓட்டமே இருந்தால், அவ்வப்போது ஹைவேயில் நிறுத்தாமல் அரை மணி நேரம் ஓட்டி ஃபில்டரைச் சுத்தமாக விடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு யாராவது பெட்டி மாட்டுகிறேன் என்றால், பங்க் பில் கணக்கில் மைலேஜ் ஏறாவிட்டால் பணம் முழுவதும் திரும்ப வரும் என்று கையெழுத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் அங்கே நிற்காமல் வண்டியை எடுங்கள்.