உச்சத்தை நட்டநடுவில் தேடவைத்த அட்டைப் பெட்டி

நடுநிலை வகுப்புகளுக்குக் கதைக் கூறுகளைச் சொல்லித்தரும் அட்டைப் பெட்டி ஒன்றை நான்கு மாதமாக ஏழாம் வகுப்பில் பயன்படுத்துகிறேன். 60 அட்டைகள், ஒரு பகடை, மடித்து வைக்கும் கதைமலைப் படம் (கதை ஏறி, முரண் முற்றும் உச்சத்தைத் தொட்டு, இறங்குவதை மலைபோல் காட்டுவது). பகடையை உருட்டினால் பாத்திரம், களம், கதைப்பின்னல், முரண், நோக்குநிலை, கருப்பொருள் ஆகிய ஆறில் ஒன்று விழும். அந்த வகையில் ஓர் அட்டையை எடுத்துக் குழுவாகப் பதில் சொல்ல வேண்டும்.

வாங்கியதற்குப் பலன் நோக்குநிலை அட்டைகளில்தான். பந்து பட்டு ஜன்னல் கண்ணாடி உடைகிறது. பந்தடித்த பையன் 'நான்' என்று சொல்வது ஓர் அட்டை. அவனுக்குத் தெரிந்ததை மட்டும் வைத்து 'அவன்' என்று சொல்வது இன்னொன்று. எல்லார் மனதும் தெரிந்தவர் சொல்வது மூன்றாவது. மூன்றாவதை 'நான்' கதையாக மாற்றி எழுதச் சொன்னேன். "வீட்டுக்குள் தாத்தா மனதுக்குள் சிரித்துக்கொண்டார்" என்ற வரி வந்ததும் ஒரு பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "சார், நான் தெருவுலதானே நிக்கிறேன், தாத்தா சிரிச்சது எனக்கு எப்படித் தெரியும்?" இதைப் புரியவைக்க முன்பெல்லாம் ஒரு பாடவேளை முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறேன்.

முரண் அட்டைகளும் நன்று. பாத்திர அட்டைகள் சுமார். 'தைரியசாலி' என்று ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. எந்தச் செயலில் அது தெரிந்தது என்ற கேள்வியை ஒவ்வொன்றின் பின்பக்கமும் நானே எழுதிவைத்தேன்.

எரிச்சல் அந்தக் கதைமலைப் படத்தில். ஜெர்மன் எழுத்தாளர் குஸ்டாவ் பிரைடாக் 1863-ல் ஐந்து அங்க நாடகங்களை வைத்து விளக்கிய முக்கோணம் அது. அதை அப்படியே எடுத்து எல்லாக் கதைக்கும் மாட்டி, உச்சத்தை நட்டநடுவில் நிறுத்திவிட்டார்கள். நாங்கள் படிக்கும் மூன்று பக்கக் கதைகளில் உச்சம் பெரும்பாலும் கடைசிப் பத்திகளில் வரும். பிள்ளைகளோ தாளை இரண்டாக மடித்து, மடிப்பில் உச்சத்தைத் தேடினார்கள்! இப்போது நீண்ட ஏற்றமும் குட்டிச் சரிவுமாகக் கரும்பலகையில் நானே வரைகிறேன்.

கருப்பொருள் அட்டைகளில் பிழையே இருக்கிறது. 'நட்பு' என்ற ஒற்றைச் சொல்லை விடையாகத் தருகிறார்கள். அது பேசுபொருள். நட்பைப் பற்றிக் கதை என்ன சொல்கிறது என்பதற்கு முழு வாக்கியம் வேண்டாமா? 'கருப்பொருள்' என்ற சொல்லும் வம்பு. இலக்கணப் பாடத்தில் கருப்பொருள் என்றால் நிலத்துக்குரிய விலங்கு, பறவை, மரம். "இந்தக் கதையின் கருப்பொருள் என்ன?" என்றேன். "காக்கா சார்" என்றான் ஒருவன். அவன் மேல் தப்பில்லை. 'மையக்கருத்து' என்று அச்சடித்திருக்கலாம்.

இன்னொரு பெட்டி வாங்க மாட்டேன். நோக்குநிலை அட்டைகளைத் தனியாக விற்றால் சரி. பகடையில் 'களம்' என்ற எழுத்து இப்போதே அழிந்துவிட்டது. அந்தப் பக்கம் விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்று பிள்ளைகளே சட்டம் போட்டுக்கொண்டார்கள். களம் அட்டைகள் 'எங்கே' என்று மட்டும் கேட்டு, 'எப்போது' என்பதை விட்டுவிட்டவை. அதனால் நானும் கண்டுகொள்ளவில்லை.