அருகிவரும் செம்மறிகளின் கம்பளி: ‘ஷேவ் எம் டு சேவ் எம்’ திட்டம் குறித்து ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் சிறு மந்தை வைத்திருக்கும் செம்மறி வளர்ப்பாளர்களிடம் கம்பளியைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் முதலில் வருவது செலவுக் கணக்குதான். ஆண்டுக்கு ஒரு முறை ஆள் அழைத்து ரோமம் கத்தரிப்பதற்குக் கொடுக்கும் கூலிக்கு, மொத்த வியாபாரி அந்த ரோமத்துக்குத் தரும் விலை ஈடாவதில்லை. அதனால் பல பண்ணைகளில் கத்தரித்த ரோமம் உரக்குழிக்குப் போகிறது. கத்தரிக்கவே தேவையில்லாத இறைச்சி இனங்களை நோக்கி வளர்ப்பாளர்கள் நகர்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கம்பளிக்காகப் பேணப்பட்ட இனங்கள் அந்த நகர்வில் அருகிப் போகின்றன. தி லைவ்ஸ்டாக் கன்சர்வன்சி என்ற அமைப்பு 2019-இல் தொடங்கிய ‘ஷேவ் எம் டு சேவ் எம்’ (‘காப்பதற்காகக் கத்தரியுங்கள்’) திட்டம் இந்தக் கணக்கையே மாற்ற முயல்கிறது. அதில் கம்பளிக் கைவினையாளராகச் சேர்ந்து, ஒவ்வோர் இனமாக வாங்கி, நூற்று, பின்னி வருபவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

வட கரோலினா மாநிலத்தின் பிட்ஸ்பரோவிலிருந்து இயங்கும் இந்த அமைப்பு 1977-இல் நிறுவப்பட்டது. அழியும் நிலையிலுள்ள பண்ணை விலங்கினங்களை அது நிலைவாரியாகப் பட்டியலிடுகிறது. ஓர் இனத்தில் ஆண்டுக்கு 200-க்கும் குறைவான விலங்குகளே அமெரிக்காவில் புதிதாகப் பதிவாகி, உலகம் முழுவதும் 2,000-க்கும் குறைவாகவே எஞ்சியிருப்பதாக மதிப்பிடப்பட்டால், அது மிகவும் ஆபத்தான நிலையில் உள்ள இனம். ஆண்டுப் பதிவு 1,000-க்கும் உலக எண்ணிக்கை 5,000-க்கும் குறைவாக இருந்தால், அது அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம். அதற்கு மேலும் படிகள் உண்டு. திட்டத்தின் செம்மறிகள் இந்தப் பட்டியலிலிருந்தே வருகின்றன.

சேரும் முறை எளிது. பட்டியலிலுள்ள இனங்களை வளர்ப்பவர்கள் கம்பளி வழங்குநர்களாகப் பதிந்துகொள்கிறார்கள். நூற்பவர்களும், பின்னுபவர்களும், நெய்பவர்களும் கட்டணம் செலுத்தித் தங்களைப் பதிந்துகொண்டு, கடவுச்சீட்டு வடிவில் ஒரு சிறு கையேட்டைப் பெறுகிறார்கள். வழங்குநரிடமிருந்து கம்பளி வாங்கும்போது அந்த இனத்துக்குரிய ஒட்டுவில்லையை அவரே தருகிறார். அது கையேட்டில் அந்த இனத்துக்கான பக்கத்தில் இடம்பெறுகிறது. வாங்கியதோடு கடமை முடிவதில்லை. அந்தக் கம்பளியில் ஏதேனும் ஒன்றைச் செய்து முடிக்க வேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கையிலான இனங்களை நிறைவு செய்தவர்களுக்குச் சிறு பரிசுகளும் உண்டு. இடைத்தரகர் இல்லாததால், மொத்த வியாபாரி கொடுப்பதைவிடப் பல மடங்கு விலை நேரே வளர்ப்பவர் கைக்குப் போய்ச் சேர்கிறது. மற்றெல்லாச் சிறப்புகளையும்விட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

கடைகளில் அடுக்கியிருக்கும் கம்பளி நூலில் பெரும்பகுதி மெரினோ என்ற மென்ரோம இனத்தினுடையது. மென்மையாக இருக்க வேண்டும் என்ற ஒரே அளவுகோலால் கம்பளியை எடைபோட அது நம்மைப் பழக்கிவிட்டது. இந்தத் திட்டம் எனக்குக் கொடுத்த கல்வி, அந்தப் பழக்கத்திலிருந்து கிடைத்த விடுதலை. லெஸ்டர் லாங்வுல் ஆட்டின் ரோமம் நீளமாக, பட்டின் பளபளப்போடு, சுருள் சுருளாகத் தொங்கும். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ராபர்ட் பேக்வெல் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இந்த இனத்தின் மீது ஜார்ஜ் வாஷிங்டனுக்கும் ஈடுபாடு இருந்தது. ஆயினும் 20-ஆம் நூற்றாண்டில் அது அமெரிக்காவில் அற்றுப்போனது. 1990-இல் கலோனியல் வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியக நகரம் டாஸ்மேனியாவிலிருந்து ஆடுகளைத் தருவித்த பிறகே மீண்டும் வேரூன்றியது. இந்தக் கம்பளியைக் குழந்தைக்குச் சட்டை பின்னுவதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் சாயம் ஏறும்போது அது காட்டும் ஒளியை மெரினோவில் காண முடியாது. மேலாடைக்கும் திரைச்சீலைக்கும் இதைவிட உறுதியான, அழகான நூலை நான் கையாண்டதில்லை.

ஹாக் ஐலண்ட் ஆடுகளின் வரலாறு வேறு. வர்ஜீனியாவின் கிழக்குக் கரையை ஒட்டிய ஒரு தடுப்புத் தீவில் குடியேறிகள் விட்டு வளர்த்த மந்தையின் வழிவந்தவை அவை. 1930-களின் புயல்களுக்குப் பின் மனிதர்கள் தீவை விட்டு வெளியேறினர்; ஆடுகள் தங்கிவிட்டன. 1970-களில் தீவின் தாவரங்களைக் காப்பதற்காக அவற்றை அங்கிருந்து அகற்றினார்கள். இன்று ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னான் பண்ணை உட்படச் சில இடங்களில் மட்டுமே அவை இருக்கின்றன. இந்த ரோமம் அளவில் குறைவு, தரத்தில் ஆட்டுக்கு ஆடு மாறுபடும். ஒரே நீள இழைகளை எதிர்பார்ப்பவர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. எனினும் உலகில் இவ்வளவு சிலவே எஞ்சியுள்ள ஓர் ஆட்டினத்தின் ரோமம் நம் தக்ளியில் நூலாகிறது என்ற உணர்வு, வேலையின் கடினத்தை மறக்கச் செய்கிறது.

நவாஹோ-சுர்ரோ ஆட்டைப் பற்றிப் பேசாமல் இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசுவது முறையாகாது. ஸ்பானியர்கள் 16-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த சுர்ரா ஆடுகளிலிருந்து உருவான இந்த இனம், தங்களை தினே என்று அழைத்துக்கொள்ளும் நவாஹோ மக்களின் நெசவுக்கும் உணவுக்கும் சடங்குகளுக்கும் அடித்தளமாயிற்று. 1860-களில் அமெரிக்கப் படை அம்மக்களைச் சொந்த மண்ணிலிருந்து துரத்தியபோது மந்தைகளையும் அழித்தது. 1930-களில் மேய்ச்சல் நிலம் சீரழிகிறது என்று காரணம் காட்டி அரசே மீண்டும் ஆடுகளைப் பெருமளவில் கொன்று குறைத்தது. 1970-களில் எஞ்சியவை 500-க்கும் குறைவு. யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லைல் மெக்நீல் 1977-இல் தொடங்கிய நவாஹோ செம்மறித் திட்டம்தான் மீட்சிக்கு வழி செய்தது. நீண்ட வெளிமயிரும் மெல்லிய உள்மயிருமாக இரண்டு அடுக்குகள் கொண்ட இதன் ரோமத்தில் கொழுப்பு மிகக் குறைவு. தண்ணீர் அரிதான வறண்ட நிலத்தில், அதிகம் அலசாமலே நூற்கக்கூடிய ரோமத்தின் அருமை சொல்லாமலே விளங்கும். தரைவிரிப்புக்கும் பைக்கும் ஏற்ற கம்பளி இது. வாங்குவதாயின், தினே குடும்பங்களே வளர்க்கும் மந்தைகளிலிருந்து வாங்குவதே நியாயம் என்பது என் உறுதியான கருத்து.

மென்மையே வேண்டுமென்பவர்களுக்கு ரோமெல்டேல் இருக்கிறது. 1915-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் கண்காட்சியில் வாங்கிய ராம்னி கிடாக்களை ராம்புலே பெட்டைகளோடு சேர்த்துக் கலிஃபோர்னியாவில் உருவாக்கப்பட்ட இனம் அது. கழுத்தில் உறுத்தாத சால்வைக்கு அதுவே என் தேர்வு.

இந்த வரலாறுகளைக் கேட்கும் தமிழ் வாசகருக்கு நீலகிரியிலுள்ள சாண்டிநல்லா நினைவுக்கு வரக்கூடும். அங்குள்ள ஆராய்ச்சி நிலையத்தில் பேணப்படும் நீலகிரி ஆடு, கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்கள் 19-ஆம் நூற்றாண்டில் கலந்து உருவானது. மெல்லிய கம்பளி தரும் அந்த இனத்துக்கும் தன் ரோமத்தை விலை கொடுத்து வாங்கிப் பயன்படுத்தும் கைவினையாளர் கூட்டம் ஒன்று தேவை.

இனி, திட்டத்தின் குறைகள். முதலாவது, கையேட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. புதிய இனம் ஒன்றை வாங்கினால் ஒட்டுவில்லை கிடைக்கிறது. சென்ற ஆண்டு வாங்கிய அதே வளர்ப்பாளரிடம் இந்த ஆண்டும் வாங்கினால் கிடைப்பதில்லை. பக்கங்களை நிரப்பும் ஆர்வத்தில் நாம் ஒரு மந்தையிலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே இருக்கிறோம். ஆனால் நாற்பது ஆடுகள் வைத்திருக்கும் ஒருவருக்கு, ஒரு முறை வந்து போகும் பத்துப் பேரைவிட ஆண்டுதோறும் முழு ரோமம் ஒன்றை வாங்கிச் செல்லும் மூன்று பேர்தான் துணை. மீண்டும் வாங்குபவருக்கும் ஏதேனும் ஓர் அங்கீகாரம் இருந்தால், திட்டம் தன் நோக்கத்துக்கு இன்னும் நெருங்கிவரும்.

இரண்டாவது குறை தூரம். மந்தைகள் நாடெங்கும் சிதறிக் கிடப்பதால் அஞ்சல் செலவு சில சமயம் கம்பளியின் விலையை எட்டிவிடுகிறது. மேரிலாந்தில் மே மாதமும், நியூயார்க் மாநிலத்தின் ரைன்பெக்கில் அக்டோபரிலும் நடக்கும் செம்மறி, கம்பளித் திருவிழாக்களுக்குச் செல்ல முடிந்தவர்கள் இந்தச் செலவைத் தவிர்ப்பதோடு, ரோமத்தைப் பிரித்துத் தொட்டுப் பார்த்தும், வளர்ப்பவரோடு பேசியும் வாங்கலாம். அமெரிக்காவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு இது ஏற்ற திட்டமல்ல.

தரமும் ஒரே சீராக இராது. ஒரு பண்ணையிலிருந்து எனக்கு வந்த ரோமத்தில் வைக்கோலும் முள்விதைகளும் நிறைந்திருந்ததால் பாதியைக் கழிக்க நேர்ந்தது. ஆகவே வாங்குமுன் சிலவற்றைக் கேட்டுக்கொள்வது நல்லது: கத்தரித்ததும் ஓரத்து அழுக்கு ரோமம் நீக்கப்பட்டதா, குளிர்காலத்தில் ஆடுகளுக்குத் துணி போர்த்தப்பட்டிருந்ததா, இழையின் நீளம் எவ்வளவு, இழுத்தால் இடையில் அறுகிறதா. மெல்லிய ரோம இனங்களில் கொழுப்பு அதிகமாதலால், அலசிய பின் எடை ஏறத்தாழப் பாதியாகக் குறையக்கூடும் என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

புதிதாகச் சேர்பவர்கள் அலசாத ரோமத்தில் தொடங்க வேண்டாம். சுடுநீரில் அசைக்காமல் ஊறவைத்து, கொழுப்பு மீண்டும் படியுமுன் எடுத்து, அதே வெப்பமுள்ள நீரில் அலச வேண்டும். சற்றுத் தேய்த்தாலும் இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகிவிடும். நூற்கத் தெரியாதவர்கள் ஆயத்த நூலாகவும், தெரிந்தவர்கள் அலசிச் சீவியதாகவும் வாங்கித் தொடங்கலாம். பெரும்பாலான மந்தைகளில் ரோமம் கத்தரிப்பது குட்டி ஈனும் பருவத்தையொட்டி, குளிர்காலக் கடைசியிலிருந்து வசந்தத்துக்குள். நல்ல ரோமங்கள் கத்தரிக்கும் நாளிலேயே விலைபோய்விடுவதால், ஜனவரியிலேயே வளர்ப்பவருக்குக் கடிதம் எழுதி, வேண்டிய ஆட்டின் ரோமத்தை முன்பதிவு செய்துகொள்ள வேண்டும்.