வெளிநாட்டுப் பயண ஆப்கள்: புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு எது உதவும், எது கழுத்தறுக்கும்

பயண ஆப்கள் விஷயத்தில் பிளே ஸ்டோரின் ஸ்டாரை நம்ப வேண்டாம். அங்கே நல்ல பெயர் வாங்கிய ஆப்கள் பல, பாங்காக்கில் இறங்கிய பிறகு இன்ஸ்டால் செய்தால் ஓர் அடிகூட நகராது. ஓடிபி இந்திய நம்பருக்குப் போகும். அந்த நம்பரில் ரோமிங் இருக்காது. கார்டு கேட்கும், கார்டு வெளிநாட்டுக்குத் திறந்திருக்காது. அதனால் இங்கே எல்லா ஆப்பையும் எடைபோட்டது இரண்டு கேள்விகளை வைத்துத்தான்: ஊரிலேயே உட்கார்ந்து எவ்வளவு வேலையை முடிக்கலாம், நெட் இல்லாதபோது எவ்வளவு கைகொடுக்கும்.

முதலில் டிக்கெட். கூகுள் ஃபிளைட்ஸ் விலை பார்க்க அருமை. தேதிவாரியாக விலை காட்டும், குறைந்தால் மெயில் அனுப்பும். வாங்குவதை மட்டும் ஏர்லைனின் சொந்தத் தளத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பெயர்கள்தான் காரணம். இன்ஷியலோடு எழுதிப் பழகிய நமக்கு பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருப்பது சகஜம். புக்கிங் பக்கமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் விடாது. ஒரு ஏர்லைன் அதே பெயரை இரண்டு முறை போடச் சொல்லும், இன்னொன்று எல்.என்.யூ. (கடைசிப் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்) என்று போடச் சொல்லும். அந்தந்த ஏர்லைனின் உதவிப் பக்கத்தைப் படித்துவிட்டுப் போடுங்கள். இடைத்தரகு ஆப்பில் 600 ரூபாய் குறைவு என்று வாங்கினால், ஓர் எழுத்தைத் திருத்தவும் ஏர்லைன் ஏஜென்ட்டைக் கைகாட்டும், ஏஜென்ட் ஏர்லைனைக் கைகாட்டும். துபாய், அபுதாபி போகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் சரி என்று பிறகு தளர்த்தியது. சர்நேமைச் சேர்ப்பதானால் பாஸ்போர்ட் ரீஇஷ்யூதான், அதை டிக்கெட்டுக்கு முன்பே முடிக்க வேண்டும்.

அடுத்து வருகைப் படிவங்கள். தாய்லாந்தில் 2025 மே 1 முதல் டிடிஏசி, மலேசியாவுக்கு எம்டிஏசி, சிங்கப்பூருக்கு எஸ்ஜி அரைவல் கார்டு. மூன்றும் இலவசம், மூன்றையும் இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். கூகுளில் தேடினால் மேலே வரும் விளம்பரத் தளம் ஆளுக்கு இத்தனை டாலர் என்று கேட்கும். அது அரசுத் தளம் இல்லை. முகவரியில் சிங்கப்பூருக்கு ஜிஓவி.எஸ்ஜி, மலேசியாவுக்கு ஜிஓவி.எம்ஒய், தாய்லாந்துக்கு ஜிஓ.டிஎச் இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூரின் மைஐசிஏ மொபைல் இந்த வகையில் ஒழுங்கான ஆப். ஆனால் அரைவல் கார்டு விசா ஆகாது. இந்திய பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர் விசா தனியாக எடுக்க வேண்டும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு பிரான்ஸ் தனிக் கதை. விண்ணப்பத்தை பிரான்ஸ்-விசாஸ் தளத்தில் நிரப்ப வேண்டும். தளம் நிதானமானது, பாதியில் சேமித்து விட்டுவிட்டுத் தொடரலாம். ஷெங்கன் விசாவுக்கு (பிரான்ஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குமான பொது விசா) பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து 15 நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம். இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பாரிஸில் சொந்தக்காரர் வீட்டில் தங்குவதானால் ஓட்டல் புக்கிங்குக்குப் பதில் அவர்கள் தங்கள் ஊர் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், 'அட்டெஸ்தாசியோன் தக்கேய்' என்ற தங்கவைக்கும் சான்றிதழை வாங்கி அனுப்ப வேண்டும். அசல் காகிதம் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோ உதவாது. தபாலில் வர ஆகும் நாளையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், பெரும்பாலும் இங்கேதான் தேதி இடிக்கும். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லையில் ஈஈஎஸ் என்ற கணினி வழி வருகை-வெளியேற்றப் பதிவு முறை வந்துவிட்டது. முதல் முறை போகும்போது முகப்படம் எடுப்பார்கள்; கைரேகை விசாவுக்குக் கொடுத்ததே இருக்கும். பாரிஸிலிருந்து உடனே வேறு ரயிலோ விமானமோ பிடிப்பவர்கள் இடைவெளியைத் தாராளமாக விடுங்கள்.

பணம். ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபர் முதல் புதிதாகக் கொடுக்கும் கார்டுகள் இந்தியாவுக்குள் மட்டுமே வேலை செய்யும். வங்கி ஆப்பில் கார்டு கன்ட்ரோலுக்குப் போய் இன்டர்நேஷனல் என்பதில் கடை, ஏடிஎம், ஆன்லைன் மூன்றையும் தனித்தனியாகத் திறந்து, தினசரி வரம்பும் போடுங்கள். கடையில் மட்டும் திறந்துவிட்டு ஆன்லைனை மறந்தால் கிராப் என்ற டாக்சி ஆப்பில் கார்டு ஏறாது. சாதாரண கிரெடிட் கார்டில் அந்நியச் செலாவணிக் கட்டணம் சுமார் 3.5 சதவீதம், அதன் மேல் ஜிஎஸ்டி. வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள். எந்தக் கார்டானாலும், கடை மெஷின் ரூபாயில் கட்டவா, உள்ளூர்ப் பணத்தில் கட்டவா என்று கேட்கும்போது உள்ளூர்ப் பணத்தையே தொடுங்கள். ரூபாய் என்று தொட்டால் அவர்கள் வைத்த விலைக்கு மாற்றிக் கழிப்பார்கள். பில்லைக் கையில் கொடுக்கும் முன்பே ஊழியர் ரூபாயை அழுத்திவிடுவதும் உண்டு. கையெழுத்துப் போடாமல் ரத்து செய்யச் சொல்லலாம்.

யுபிஐ வெளிநாட்டில் வேலை செய்கிறது என்ற பேச்சு பாதி உண்மை. இலங்கை, மொரீஷியஸ், நேபாளம், பூடான், அமீரகம், சிங்கப்பூர், பிரான்ஸ் என்று பட்டியல் இருக்கிறது. பாரிஸில் ஈஃபில் கோபுர டிக்கெட்டுக்கு 2024 பிப்ரவரியில் வந்தது. அதை வைத்து மூலைக்கடையில் ரொட்டி வாங்க முடியாது. ஆப்பில் யுபிஐ இன்டர்நேஷனலை நீங்களே ஆன் செய்யவும் வேண்டும். இதை மட்டுமே நம்பிக் கிளம்பாதீர்கள்.

சிம். போனில் *#06# அடியுங்கள். ஐஎம்ஈஐ நம்பர்களோடு ஈஐடி என்று ஒரு நீள நம்பர் வந்தால் உங்கள் போனில் ஈசிம், அதாவது அட்டை இல்லாத டிஜிட்டல் சிம், ஏறும். ஐராலோ மாதிரி ஆப்பில் டேட்டா பிளான் வாங்கி, வீட்டு வைஃபையிலேயே இன்ஸ்டால் செய்துவிட்டு, இறங்கிய பிறகு ஆன் செய்தால் போதும். பெரும்பாலானவை டேட்டா மட்டும்தான், பேசுவதற்கு நம்பர் கிடைக்காது. இந்திய சிம்மைக் கழற்றாதீர்கள்; கிளம்பும் முன் ரோமிங் சேவையை ஆக்டிவேட் செய்து, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள். ஓடிபி வர அது போதும்.

வரைபடத்துக்கு கூகுள் மேப்ஸ்தான் என்று எல்லோரும் முடித்துவிடுகிறார்கள். ஆஃப்லைன் மேப் இறக்கினால் எல்லாம் ஆச்சு என்பது தப்புக் கணக்கு. நெட் இல்லாதபோது அது கார் ஓட்டும் வழியை மட்டும் சொல்லும். நடக்கும் வழியும் பஸ், மெட்ரோ வழியும் வராது. டூரிஸ்டுக்குத் தேவையே அந்த இரண்டும்தான். நடைவழிக்கு ஆர்கானிக் மேப்ஸ் வையுங்கள். இலவசம், விளம்பரம் கிடையாது, ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து ஓடுகிறது, நாட்டை இறக்கிவிட்டால் சந்துபொந்தெல்லாம் நெட் இல்லாமலே நடத்திக் கூட்டிப்போகும். அதில் கடை, ஓட்டல் விவரமும் திறந்திருக்கும் நேரமும் கூகுள் அளவுக்கு இருக்காது. அதனால் ஓட்டல், தூதரகம், இரண்டு மூன்று சைவக் கடைகள் ஆகியவற்றை கூகுளில் தேடிப் பார்த்து, ஆர்கானிக் மேப்ஸிலும் புக்மார்க் போட்டுவிடுங்கள். தென்கொரியா போனால் நேவர் மேப் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கூகுளின் வழிகாட்டல் நொண்டியடிக்கும்.

மொழிபெயர்ப்புக்கு கூகுள் டிரான்ஸ்லேட். தமிழையும் போகிற நாட்டு மொழியையும் ஆஃப்லைனில் இறக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஓடாது. நெட் இல்லாதபோது தமிழிலிருந்து தாய்லாந்து மொழிக்கு ஆங்கிலம் வழியாகத்தான் மாற்றும், அதனால் ஆங்கிலம் தெரிந்தவர்கள் ஆங்கிலத்திலேயே தட்டினால் பிழை குறையும். தமிழில் தட்டினால் பேச்சுத் தமிழ் வேண்டாம். முழுச் சொல், சின்ன வாக்கியம். சைவக்காரர்கள் 'நான் சைவம்' என்று காட்டிவிட்டு நிம்மதியாக உட்கார முடியாது. மீன் சாஸ், சிப்பி சாஸ், இறால் விழுது, முட்டை என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி 'வேண்டாம்' என்று ஒரே திரையில் எழுதி, ஸ்கிரீன்ஷாட்டாக வைத்துக் காட்டுங்கள். தாய்லாந்துச் சமையலில் காய்கறிப் பொரியலிலும் மீன் சாஸ் விழும்.

கிராப் தென்கிழக்கு ஆசியாவில் தவிர்க்க முடியாதது. கட்டணம் முன்பே தெரியும், தாய்லாந்து, மலேசியாவில் ரொக்கமும் கொடுக்கலாம். இந்திய நம்பரில் கணக்கை இங்கேயே திறந்துவிடுங்கள்.

இனி சென்னை வரை. புதுச்சேரியில் விமான நிலையம் இருந்தும் வெளிநாட்டு விமானம் கிடையாது. முகத்தைக் காட்டி ஏர்போர்ட்டுக்குள் நுழையும் டிஜியாத்ரா ஆப் உள்நாட்டு விமானத்துக்கு மட்டும், வெளிநாடு போகிறவர்கள் அதை இறக்க வேண்டியதே இல்லை. அதற்குப் பதில் உள்துறை அமைச்சகத்தின் எஃப்டிஐ-டிடிபி தளத்தில் பதிந்தால், 2025 ஜனவரி முதல் சென்னையிலும் இமிகிரேஷனைத் தானியங்கி கேட்டில் கடக்கலாம். இந்திய பாஸ்போர்ட், ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினரின் அட்டை) இரண்டுக்கும் உண்டு. கைரேகை கொடுக்க ஒருமுறை நேரில் போக வேண்டும்.

திண்டிவனம் வழி அரசுப் பஸ் கிளாம்பாக்கத்தோடு முடிந்துவிடும், அங்கிருந்து ஏர்போர்ட் சுமார் 15 கிலோமீட்டர். பெட்டி அதிகமில்லை என்றால் கடலூரிலிருந்து, விழுப்புரத்திலிருந்து வரும் ரயிலில் தாம்பரம் இறங்கி, பீச் போகும் புறநகர் ரயிலில் நாலாவது ஸ்டேஷன் திரிசூலம், எதிரே ஏர்போர்ட். வேர் இஸ் மை டிரெயின் ஆப் நெட் இல்லாமலும் ரயில் எங்கே வருகிறது என்று காட்டும். நள்ளிரவுக்குப் பிறகான விமானத்துக்கு இந்த வழியானால் மாலையிலேயே போய்ச் சேர வேண்டும். காரில் போனால் ஞாயிறு மாலை பரனூர் டோல் முதல் பெருங்களத்தூர் வரை கூகுள் காட்டும் நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒரு மணி நேரம் கூட்டுங்கள். ஈசிஆர் வழியானால் கோவளத்தில் திரும்பி கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகவும் வரலாம். செக்-இன் கவுன்ட்டரைப் பொதுவாக விமானத்துக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போட்டால் பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள். 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-அவர், 100 வாட்-அவர் என்ற வரம்புக்குள் அடங்கிவிடும்.