முதல் 3,000 பொற்காசை எந்த உலோகத்தில் போடுவது?

பாத்ஃபைண்டர் என்ற மேசைக் கதாபாத்திர விளையாட்டின் முதல் பதிப்பில் மூன்றாம் லெவல் பாத்திரத்திடம் இருக்கவேண்டிய மொத்தச் சொத்தே 3,000 பொற்காசுதான். ஓர் ஆயுதத்தை அடமன்டைன் என்ற மிகக் கடினமான உலோகத்தில் செய்விக்கக் கூடுதலாகக் கேட்பதும் அதே 3,000. இருந்தும் கொக்குவிலில் நாங்கள் கூடும் மேசைக்குப் புதிதாக வரும் பொடியள் பெரும்பாலும் முதலில் ஆசைப்படுவது அதற்குத்தான். ஆசையில் பிழையில்லை. ஆனால் ஐந்தாம் லெவல் வரைக்கும் அந்தக் காசுக்கு நல்ல வழிகள் வேறு இருக்கின்றன என்பது என் கட்சி.

எல்லாம் டி.ஆர். என்று நாங்கள் சொல்லும் டமேஜ் ரிடக்‌ஷனில்தான் தொடங்குகிறது: உரிய உலோகத்தால் அடிக்காவிட்டால் ஒவ்வோர் அடியின் டமேஜிலிருந்தும், அதாவது சேதத்திலிருந்தும், அத்தனை புள்ளி கழியும். குவாசிட், இம்ப் என்ற இரண்டு குட்டிப் பிசாசுகளையே எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் சி.ஆர்., அதாவது எதிரியின் கடின அளவு, 2, ஆகவே ஆரம்பத்திலேயே எதிரே வந்து நிற்கும். இரண்டுக்கும் டி.ஆர். 5. குவாசிட்டுக்குக் கோல்ட் அயன் (cold iron, குளிர் இரும்பு) வேண்டும், இம்புக்கு வெள்ளி வேண்டும். பலம் 16 உள்ள ஃபைட்டர் சாதாரண நீள்வாளால் அடித்தால் சராசரி 7.5. அதில் 5 கழிந்து தோலைத் தொடுவது இரண்டரைக்குச் சற்று மேல். அடுத்த சுற்றில் அந்தப் பிசாசு 2 புள்ளியைத் தானாகவே ஆற்றிக்கொள்ளும். அரை மணித்தியாலம் பகடை உருட்டினாலும் சண்டை நகராது. கையில் இருப்பது அடமன்டைன் வாள் என்றாலும் இதே கதைதான், ஏனென்றால் அது கோல்ட் அயனும் இல்லை, வெள்ளியும் இல்லை.

கோல்ட் அயனின் பெரிய பலம் விலை. சாதாரண விலையின் இரு மடங்கு, அவ்வளவே. 15 காசு நீள்வாள் 30 ஆகும், 2 காசுக் கத்தி 4 ஆகும். டமேஜில் எந்தக் குறையும் இல்லை. டீமன்களுக்கும் ஃபே என்ற வனதேவதை இனத்துக்கும் இதுதான் மருந்து. இரவில் இறைச்சிக்கறி கொண்டுபோகும்போது மேலே ஓர் இரும்புத் துண்டும் கரித்துண்டும் வைத்துவிடும் அம்மம்மாக்களிடம் வளர்ந்தவர்களுக்கு இந்த விதியை விளங்கப்படுத்தவே தேவையில்லை. முதல் லெவலிலேயே பிரதான ஆயுதத்தைக் கோல்ட் அயனில் வாங்கிவிட வேண்டும் என்பேன். அதில் ஒரு பொறி மட்டும் உண்டு: பிறகு அதற்கு மந்திரம் ஏற்றும்போது கூடுதலாக 2,000 கட்ட வேண்டும். +1 மந்திரம் ஏற்றிய சாதாரண நீள்வாள் 2,315, கோல்ட் அயனில் 4,330.

வெள்ளியில் கவனம் வேண்டும். சிறிய ஆயுதத்துக்கு 20, ஒரு கை ஆயுதத்துக்கு 90, இரு கை ஆயுதத்துக்கு 180 கூடும். வெட்டும், குத்தும் ஆயுதங்களுக்கு டமேஜில் 1 குறையும். நசுக்கும் ஆயுதங்களுக்கு அந்தக் குறை இல்லை. பலர் கவனிக்காமல் விடுவது இந்த இடத்தைத்தான். 12 காசு ஹெவி மேஸுக்கு 90 சேர்த்தால் 102. அந்த ஒரே ஆயுதம் ஓநாய் மனிதனுக்கும் ஆகும், இம்புக்கும் ஆகும், நசுக்கினால் மட்டுமே முழு அடி வாங்கும் எலும்புக்கூட்டுக்கும் ஆகும். குழுவில் கிளெரிக், அதாவது மதகுரு, இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், இதை அவர் கையில் கொடுங்கள்.

சரி, அடமன்டைன். பொருட்களுக்கு ஹார்ட்னஸ் என்ற கடினம் உண்டு, ஒவ்வோர் அடியிலும் அத்தனை புள்ளி கழியும்; 20-க்குக் குறைந்த எந்த ஹார்ட்னஸையும் அது கணக்கில் எடுக்காது. இரும்புக் கதவுக்கு ஹார்ட்னஸ் 10, உயிர்ப்புள்ளி 60. பலம் 18 உள்ளவர் சாதாரண கிரேட்ஆக்ஸால் கொத்தினால் ஓர் அடிக்குச் சராசரி 3 புள்ளிதான் போகும், இருபது அடி வேண்டும். அடமன்டைன் என்றால் ஐந்து அடியில் கதவு விழும். பார்க்க அருமையாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பூட்டைத் திறக்க ஏற்கெனவே ஒரு ரோக் இருக்கும் குழுவில் அந்த அருமைக்கு 3,000 கொடுப்பது அநியாயம். டி.ஆரில் அடமன்டைன் கேட்கும் பெரிய எதிரிகள் கோலெம்கள் என்ற, மந்திரத்தால் நடமாடும் சிலைகள். கல் கோலெமின் சி.ஆர். 11, இரும்புக் கோலெம் 13. நான்காம் லெவலில் அவை வருவதென்றால் ஆட்டத்தை நடத்தும் ஜி.எம்.முடன்தான் கதைக்க வேண்டும்.

வில்லாளிக்குக் கணக்கு வேறு. உலோகம் அம்பில் இருந்தால் போதும். கோல்ட் அயன் அம்பு இருபது 2 காசுதான். வெள்ளி அம்பு இருபது 41. அடமன்டைன் அம்போ ஒவ்வொன்றுக்கும் 60 காசு கூடுதல், இலக்கில் பட்டால் அது வீண். இங்கேதான் 2010-இல் வந்த அட்வான்ஸ்ட் பிளேயர்ஸ் கைட்டில் உள்ள வெப்பன் பிளான்ச் கைகொடுக்கும். ஆயுதத்தில் பூசி நெருப்பில் காட்டும் தூள் அது: வெள்ளி 5 காசு, கோல்ட் அயன் 20, அடமன்டைன் 100. ஒரு தடவைக்கு ஓர் ஆயுதம் அல்லது பத்து அம்பு. முதல் அடி பட்டதும் பூச்சு போய்விடும். அடமன்டைன் பூச்சு டி.ஆரைத் தாண்டும், கதவை உடைக்க உதவாது. புத்தகத்தை வெளியிலிருந்து எடுப்பிக்கக் கட்டாதவர்கள் கவலைப்பட வேண்டாம், இந்த விதிகள் இணையத்தில் சட்டப்படி இலவசமாகவே கிடைக்கின்றன.

மித்ரல் என்ற இலேசான உலோகத்தில் ஆயுதம் செய்வதை விட்டுவிடுங்கள். இறாத்தலுக்கு 500 கொடுத்தால் கிடைப்பது பாதி எடையும் வெள்ளிக்குச் சமமான பலனும்தான். அதே மித்ரல் கவசச் சட்டையாக 1,100-க்குக் கிடைக்கிறது. அது வாங்கலாம்.

ஐந்தாம் லெவலில் கையில் 10,500 வந்தபிறகு, குழுவில் ஒருவர், அதுவும் இரு கை ஆயுதக்காரர், அடமன்டைன் எடுக்கட்டும். பிற்பாடு +3 ஆயுதம் கோல்ட் அயனாகவும் வெள்ளியாகவும் எண்ணப்படும், +4 அடமன்டைனாகவும் எண்ணப்படும். ஆனால் +4 கூட ஹார்ட்னஸைத் தாண்டாது. அந்த வேலைக்கு அடமன்டைன் உலோகமேதான் வேண்டும், ஆகவே அந்த ஒருவருடைய காசு எந்த லெவலிலும் வீணாகாது.