பம்புசெட்டும் சூரிய ஒளியும்: நான்கு வழிகளின் ஒப்பீடு

தமிழ்நாட்டில் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. மோட்டாரின் குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கும் தொகையை அரசு மானியமாக மின் பகிர்மானக் கழகத்துக்குச் செலுத்துகிறது. விவசாயி எதுவும் கட்டுவதில்லை. ஆகவே எவ்வளவு மின்சாரம் ஓடியது என்பது ஒரு மதிப்பீடு; எவ்வளவு நிலத்தடி நீர் இறைக்கப்பட்டது என்பது அதற்கு மேல் செய்யப்படும் இன்னொரு மதிப்பீடு. ஆண்டுதோறும் பல ஆயிரம் கோடி ரூபாய் இந்த இரண்டு மதிப்பீடுகளின் மேல்தான் நிற்கிறது.

இந்தப் பம்புசெட்டுகளை நிலக்கரி மின்சாரத்திலிருந்து சூரிய மின்சாரத்துக்கு மாற்ற வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் பெரிய மறுப்பு இல்லை. எந்த வழியில் மாற்றுவது என்பதில்தான் துறைக்குத் துறை பார்வை வேறுபடுகிறது. வேளாண்மைப் பொறியியல் துறை எத்தனை பம்புகள் பொருத்தப்பட்டன என்று எண்ணுகிறது; மின் துறை எத்தனை மெகாவாட் என்று எண்ணுகிறது; நீர்வளத் துறை கிணற்றில் நீர்மட்டம் எத்தனை மீட்டர் இறங்கியது என்று அளக்கிறது. முதலிரண்டு எண்களும் ஏறிக்கொண்டே போகும்போது மூன்றாவது கைவிட்டுப் போவது நடக்கக்கூடிய காரியமே. அதனால் இந்தியாவில் ஏற்கெனவே நடைமுறையில் முயன்று பார்க்கப்பட்ட நான்கு வழிகளை, எது மலிவு என்று மட்டும் பார்க்காமல், எது இம்மூன்று துறைகளையும் ஒரே கணக்கேட்டுக்குள் கொண்டுவருகிறது என்ற கேள்வியோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது.

முதல் வழி, மின்தொகுப்போடு தொடர்பில்லாத தனித்த சூரிய பம்பு. மத்திய அரசு 2019-ல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் 'பி' பிரிவு இதுதான். விலையில் 30 விழுக்காட்டை மத்திய அரசும், குறைந்தது இன்னொரு 30 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்க, மீதியை விவசாயி போடுகிறார். இலவச மின் இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவருக்கும், டீசல் எஞ்சினை நம்பியிருப்பவருக்கும் இது உண்மையான விடிவு. கம்பி இழுக்க வேண்டியதில்லை, மின்மாற்றி எரிந்துபோகும் கவலை இல்லை, மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று நள்ளிரவில் டார்ச்சும் கையுமாக மோட்டார் அறைக்கு ஓட வேண்டியதுமில்லை.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஓர் ஓட்டை தெரிகிறது. 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு ஏறத்தாழ 5 கிலோவாட் சூரியப் பலகைகள் வேண்டும். கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் என்று வைத்தாலும், ஆண்டுக்கு 7,000 யூனிட்டுக்கு மேல் உற்பத்தியாகும். அந்த மோட்டார் ஆண்டில் 1,000 மணி நேரம் ஓடினால் தேவைப்படுவது 4,000 யூனிட் அளவில்தான். மழை நாளிலும், அறுவடைக்குப் பின்னரும், நிலம் தரிசாகக் கிடக்கும் மாதங்களிலும் பலகைகள் வெயிலில் சும்மா காய்கின்றன. பொதுப் பணத்தில் வாங்கிய கருவியில் கிட்டத்தட்ட பாதி வீண். வீணாகாமல் இருக்க வேண்டுமென்றால் விவசாயிக்குத் திறந்திருக்கும் ஒரே வழி, இன்னும் கொஞ்சம் தண்ணீர் இறைப்பது. பலகை வாங்கிய பிறகு அடுத்த லிட்டருக்குச் செலவே இல்லை என்பதால் அவரை அதற்காகக் குறை சொல்லவும் முடியாது. தஞ்சை டெல்டாவில் 'ஃபில்டர் பாயின்ட்' கிணறுகளில் ஆழம் குறைந்த நீரை எடுத்துக் குறுவை நாற்றங்காலுக்குப் பாய்ச்சுபவர் விஷயத்தில் இது பெரிய பிழையாகாது. அங்கே ஆற்றுப் பாசனமும் நிலத்தடிக்கு நீர் சேர்க்கிறது. கொங்கு நாட்டுக்கு இதே பம்பைக் கொண்டுபோனால் கதை வேறு.

பல்லடம், அவிநாசி வட்டாரத்தில் ஒரு தென்னந்தோப்பை மனத்தில் கொள்ளலாம். ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியைத் தாண்டியிருக்கும். அடியிலிருந்து தண்ணீரைக் கம்ப்ரசர் காற்றழுத்தத்தால் மேலே தள்ளும். அது விட்டு விட்டு வந்து பழைய திறந்தவெளிக் கிணற்றில் விழும். அங்கிருந்து இன்னொரு மோட்டார் அதை எடுத்துச் சொட்டுநீர்க் குழாய்களுக்கு அனுப்பும். ஒரே தண்ணீருக்கு இரண்டு முறை மின்சாரம். தனித்த சூரிய பம்புத் திட்டம் பொதுவாகக் கையாளும் 10 குதிரைத்திறன் வரையிலான மோட்டாரால் இந்த வேலையைச் செய்ய இயலாது. செய்ய முடிந்தாலும், நீர்மட்டம் இந்த நிலைக்கு வந்த பகுதியில் இன்னொரு இலவச இறைப்பு வழியைச் சேர்ப்பது எந்தத் துறையின் சாதனை என்று கேட்கத் தோன்றுகிறது.

இரண்டாவது வழி அதே பலகைகளை மின்தொகுப்போடு இணைத்து, மிஞ்சும் மின்சாரத்தை விவசாயியிடமிருந்து விலைக்கு வாங்குவது. இதன் முன்மாதிரி குஜராத்தின் கேடா மாவட்டத்தில் உள்ள துண்டி என்னும் சிற்றூர். அங்கே 2016-ல், பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனத்தின் துணையோடு, ஆறு விவசாயிகள் சேர்ந்து சூரிய மின் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை இயங்கச் செய்தார்கள். மின் பகிர்மான நிறுவனம் யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசு வீதம் 25 ஆண்டுகளுக்கு வாங்க ஒப்புக்கொண்டது. அதற்கு மேல் பசுமை ஆற்றலுக்காக ஒன்றேகால் ரூபாயும், தண்ணீரைச் சேமித்ததற்காக இன்னொரு ஒன்றேகால் ரூபாயும் ஊக்கத்தொகையாக நீர் மேலாண்மை நிறுவனம் கொடுத்தது. பதிலுக்கு அந்த விவசாயிகள் மானிய மின் இணைப்புக் கேட்கும் உரிமையை 25 ஆண்டுகளுக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

அந்த இரண்டாவது ஒன்றேகால் ரூபாய் சிறிய தொகைதான். ஆனாலும் இந்த ஒப்பீடு முழுவதிலும் என்னை மிகவும் கவர்ந்த எண் அதுவே. மின்சாரம் விற்ற கணக்கில் தண்ணீருக்கென ஒரு தொகை இடம்பெற்றது அங்கேதான். மேலே சொன்ன கணக்கில் மிஞ்சும் 3,000 யூனிட்டை துண்டியின் அடிப்படை விலைக்கு விற்றாலே ஏறத்தாழ 14,000 ரூபாய் கிடைக்கும். வெயில் பொய்த்தால் ஒழிய இந்தப் பயிர் பொய்க்காது. மோட்டாரைத் தேவையில்லாமல் ஓட்டும் ஒவ்வொரு மணி நேரமும் கையிலிருந்து காசு போகிறது என்ற உணர்வு விவசாயிக்கு வரும். அபராதமோ அதிகாரியின் மிரட்டலோ இல்லாமல் அந்த உணர்வை வரவழைக்கும் வேறு வழி இந்த நான்கில் குறைவு.

குஜராத் அரசு இதையே 2018-ல் சூர்யசக்தி கிசான் யோஜனா என்ற பெயரில் விரிக்க முற்பட்டது. விவசாயி முன்பணமாக 5 விழுக்காடு கட்டினால் போதும். 60 விழுக்காடு மானியம், மீதி கடன். முதல் ஏழு ஆண்டுகளுக்கு யூனிட்டுக்கு 7 ரூபாய், அதில் பாதி மின் நிறுவனத்துடையது, பாதி மாநில அரசுடையது. அதற்குப் பின் 18 ஆண்டுகளுக்கு மூன்றரை ரூபாய். சிக்கலும் இங்கேதான் எழுகிறது. பெரிய சூரிய மின் நிலையத்திலிருந்து 3 ரூபாய்க்கும் குறைவாக மின்சாரம் கிடைக்கும் காலத்தில் வயல்வெளிப் பலகைக்கு 7 ரூபாய் கொடுப்பதை மின் நிறுவனத்தின் நிதிப் பிரிவு எளிதில் ஏற்காது. தண்ணீர் மிச்சமாவது உண்மைதான், ஆனால் அது மின் நிறுவனத்தின் வரவாகப் பதிவாவதில்லை. நீர்வளத் துறைக்கோ அதற்கு விலை கொடுக்கும் பழக்கமில்லை. பயன் ஒரு துறைக்கும் செலவு இன்னொரு துறைக்கும் போனால் நல்ல திட்டமும் முன்னோட்டமாகவே நின்றுவிடுகிறது. இலட்சக்கணக்கான சிறு இணைப்புகளில் இருவழி மீட்டரைப் பராமரிப்பதும், மின்பாதையில் கம்பி அறுந்தால் அன்றைய உற்பத்தி முழுவதும் போவதும் இதனோடு சேர்ந்த சில்லறைத் தொல்லைகள்.

மூன்றாவது வழியில் விவசாயியின் வயலில் எதுவுமே மாறுவதில்லை. துணை மின் நிலையத்துக்கு அருகே சில மெகாவாட் அளவில் சூரிய மின் நிலையம் அமைத்து, அங்கிருந்து விவசாய ஃபீடருக்கு, அதாவது துணை மின் நிலையத்திலிருந்து பம்புசெட்டுகளுக்குப் போகும் மின்பாதைக்கு, பகலில் மின்சாரம் கொடுப்பது இது. மகாராஷ்டிரம் 2017-ல் இதற்காக முக்யமந்திரி சௌர் கிருஷி வாஹினி யோஜனாவைத் தொடங்கியது. ராலேகண் சித்தி என்னும் ஊரில் முன்னோட்டம் நடந்தது. 2023-ல் இரண்டாம் பதிப்பாக, 7,000 மெகாவாட் என்ற இலக்கோடு விரித்தது. இலக்கு பின்னர் 16,000 மெகாவாட்டாக உயர்ந்தது. நிலம் குத்தகைக்குத் தருபவருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாயும், ஆண்டுதோறும் 3 விழுக்காடு உயர்வும் உண்டு. மின்சாரம் யூனிட் 3 ரூபாய் அளவில் கிடைக்கிறது. குசும் திட்டமும் 2020 இறுதியில் இந்த ஃபீடர் முறையைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது.

செலவைப் பொறுத்தவரை நான்கில் இதுவே வெல்கிறது, வேகத்திலும் அப்படித்தான். ஆயிரம் விவசாயிகளிடம் தனித்தனியாகக் கையெழுத்து வாங்குவதற்குப் பதில் ஒரே ஒப்பந்தத்தில் ஒரு மின்பாதை மாறிவிடுகிறது. விவசாயிக்குப் பகலில் மும்முனை மின்சாரம் உறுதியாகிறது. மின் தேவை 2024 மே 2-ஆம் தேதி 20,830 மெகாவாட்டைத் தொட்ட தமிழ்நாடு போன்ற மாநிலத்தில், இறைப்புச் சுமை முழுவதும் வெயில் நேரத்துக்கு நகர்ந்தால் இரவில் நிலக்கரியின் மேல் விழும் பாரம் குறையும். ஒரு முன்நிபந்தனை உண்டு. விவசாயத்துக்கும் வீடுகளுக்கும் தனித்தனி மின்பாதை வேண்டும். குஜராத் ஜோதிகிராம் திட்டத்தின் மூலம் 2003 முதல் 2006-க்குள் இதைப் பிரித்துவிட்டது; இங்கே ஒரே மின்பாதையில் இரண்டும் கலந்து ஓடும் ஊர்கள் ஏராளம்.

இருந்தும், தண்ணீரைப் பற்றி இந்த வழி வாயே திறப்பதில்லை. மின்சாரம் தூய்மையாகிறது, மலிவாகிறது, பகலில் தாராளமாக வருகிறது. இறைப்பு அப்படியே தொடர்கிறது, வசதி கூடுவதால் ஒருவேளை ஏறவும் செய்யும். தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் முந்நூறுக்கும் மேற்பட்டவை அளவுக்கு மீறி நீர் எடுக்கப்பட்டவை என 2022-ஆம் ஆண்டு மதிப்பீடு வகைப்படுத்தியிருக்கிறது. நிலத்தடி நீருக்கென 2003-ல் இயற்றிய சட்டத்தை நடைமுறைக்கே கொண்டுவராமல் 2013-ல் திரும்பப் பெற்றுக்கொண்ட மாநிலம் இது. ஆகவே சட்டத்தின் வழியே கட்டுப்பாடு வரும் என்று காத்திருந்து கொண்டு ஃபீடரை மட்டும் பசுமையாக்குவது, கார்பன் கணக்கைச் சரிசெய்துவிட்டுக் கிணற்றை மறப்பதாகவே முடியும்.

நான்காவது வழிக்குச் சூரியனோடு நேரடித் தொடர்பே கிடையாது. பஞ்சாப் 2018-ல் 'பானி பச்சாவ், பைசா கமாவ்' என்று ஒரு திட்டத்தை ஆறு மின்பாதைகளில் தொடங்கியது. தண்ணீரை மிச்சம் பிடி, காசு சம்பாதி என்பது அதன் பொருள். விருப்பப்பட்டுச் சேரும் விவசாயியின் மோட்டாருக்கு மீட்டர் பொருத்தப்படும். குதிரைத்திறனைப் பொறுத்து ஒரு மின் ஒதுக்கீடு உண்டு. அதைவிடக் குறைவாகப் பயன்படுத்தினால் மிச்சமான ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். கூடுதலாகப் பயன்படுத்தினால் கட்டணம் எதுவும் இல்லை.

புதிய பலகை வேண்டாம், கடன் வேண்டாம். ஒதுக்கீட்டை எப்படி நிர்ணயிப்பது என்பதே இதன் பலவீனம். தாராளமாக வைத்தால் ஏற்கெனவே குறைவாக இறைத்தவருக்கு ஒன்றும் செய்யாமலே பணம் போகும். இறுக்கமாக வைத்தால் யாரும் சேர மாட்டார்கள். அதைவிடப் பெரிய தடை மீட்டர் என்ற சொல்தான். மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்ததும், 1972-ல் விவசாய சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவைத் தெருக்களை மாட்டு வண்டிகளால் நிரப்பியதும் கொங்கு விவசாயிகள். 1990-ல் இலவச மின்சாரம் எல்லா விவசாயிகளுக்கும் வந்தது அந்தப் போராட்டங்களின் நீட்சியில்தான். இன்று மீட்டர், நாளை பில் என்ற அவர்களின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குபவர்கள் அந்த வரலாற்றைப் படிக்காதவர்கள். மானியத்தை நேரடியாகப் பயனாளியின் வங்கிக் கணக்கில் போடும் யோசனையைக் கொண்ட 2020-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத் திருத்த வரைவை இங்கே ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே குரலில் எதிர்த்ததை வைத்தே அந்த அச்சத்தின் ஆழத்தை அறியலாம்.

என்னைக் கேட்டால், தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டங்களுக்கு மூன்றாவது வழியையும் நான்காவதையும் பிணைத்துக் கொடுப்பதே பொருத்தம் என்பேன். ஃபீடரைச் சூரிய மின்சாரத்துக்கு மாற்றுவதால் யூனிட்டுக்கு மிச்சமாகும் தொகையில் ஒரு பகுதியை, மோட்டாரைக் குறைவாக ஓட்டுபவருக்குத் திருப்பித் தரலாம். அப்போது ஊக்கத்தொகைக்கு அரசு புதிதாகப் பணம் தேட வேண்டியதில்லை. குஜராத்தை இழுத்துப் பிடித்த சிக்கல் ஓரளவு தளரும். ஒதுக்கீட்டு அளவை மின் துறை தனியே தீர்மானிக்காமல், அந்தக் குறுவட்டத்தின் நீர்மட்டத்தை வைத்து நீர்வளத் துறை சொல்ல வேண்டும். சிறு, குறு விவசாயிக்கு ஏற்கெனவே முழு மானியத்தில் கிடைக்கும் சொட்டுநீர்ப் பாசனத்தை வேளாண் துறை அதே மின்பாதைக்கு முன்னுரிமையாகக் கொண்டுவர வேண்டும். முதலமைச்சர் தலைமையில் 2022-ல் அமைக்கப்பட்ட காலநிலை மாற்ற நிர்வாகக் குழுவுக்கு இதைவிட ஏற்ற வேலை இருப்பதாகத் தோன்றவில்லை. டெல்டாவில் டீசலை ஒழிக்கத் தனித்த பம்பும், கூட்டுறவுப் பழக்கம் வலுவாக உள்ள சில ஊர்களில் துண்டி முறையும் தொடரட்டும்.

இந்தப் பிணைப்பிலும் ஒரு முடிச்சு அவிழாமல் இருக்கிறது. ஊக்கத்தொகை மின் இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவருக்குத்தான் போகும். நம் ஊர்களில் பல இணைப்புகள் இன்னும் இறந்துபோன தாத்தாவின் பெயரில் இருக்கின்றன. பாகம் பிரித்த மகன்கள் ஒரே கிணற்றில் முறை வைத்து இறைக்கிறார்கள். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மோட்டாரை உண்மையில் போடுபவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருப்பதில்லை. மடை மாற்றுபவருக்குப் போய்ச் சேராத ஊக்கத்தொகை மோட்டாரை நிறுத்தாது. அந்தப் பெயரை மாற்றும் பட்டா, வாரிசுச் சான்று எல்லாம் வருவாய்த் துறையில் இருக்கின்றன. இதுவரை இந்தப் பேச்சில் அழைக்கப்படாத நான்காவது துறை அது.