மூன்று ஆண்டுகளாக ரீகால்: என் கோப்புகளைப் பிரவுசரிலிருந்தே தேடுகிறேன்

என் பிரவுசரில் ஒரு டேப் எப்போதும் திறந்தே இருக்கும். முகவரி லோக்கல்ஹோஸ்ட் (அதாவது என் கணினியேதான்), போர்ட் 8080. அங்கே ஒரு சொல்லைத் தட்டினால், கணினியில் உள்ள பிடிஎஃப், வேர்டு கோப்பு, பழைய மின்னஞ்சல் என்று எல்லாவற்றின் உள்ளேயும் தேடி, அந்தச் சொல் வரும் வரியோடு பட்டியல் வந்து நிற்கும். ரீகால் என்ற கட்டற்ற மென்பொருளும், அதைப் பிரவுசரில் பயன்படுத்த உதவும் வெப்யூஐயும் சேர்ந்து செய்கிற வேலை இது. மூன்று ஆண்டுகளாக லினக்ஸில் வைத்திருக்கிறேன்.

இதைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, "அப்போ வலைப்பக்கம் உன் கோப்பையெல்லாம் படிக்குதா?" என்றுதான். இல்லை. நாம் அனுமதி தராமல் எந்தப் பக்கத்தையும் பிரவுசர் வட்டுக்குள் விடாது. படிப்பது என் கணினியிலேயே ஓடும் ரீகால். எந்தச் சொல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று, புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போல, அது முன்கூட்டியே எழுதி வைத்துவிடுகிறது. பக்கம் கேட்பது அந்த அடைவைத்தான். 2004-இல் வந்து 2011-இல் நிறுத்தப்பட்ட கூகுள் டெஸ்க்டாப்பிலும் இதே ஏற்பாடுதான் இருந்தது. குரோம் 86 முதல், நாம் காட்டும் ஒரு ஃபோல்டரைப் பக்கமே நேரடியாகப் படிக்கலாம். அடைவு இல்லாமல் ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க வேண்டியிருப்பதால், பெரிய சேமிப்புக்கு அது சரிவராது.

சரி, கோப்பு கிடைத்துவிட்டது, திறக்கலாம் என்று இணைப்பைச் சொடுக்கினால் எதுவும் நடக்காது. எச்டிடிபி வழியே வந்த பக்கத்திலிருந்து வட்டில் உள்ள கோப்பின் முகவரிக்குத் தாவுவதைப் பிரவுசர்கள் தடுத்துவிடும். பாதுகாப்புக்காகத்தான். டவுன்லோடு இணைப்பு வேலை செய்யும், ஆனால் வருவது நகல். ஒரு முறை அந்த நகலில் இரண்டு மணி நேரம் திருத்தம் செய்துவிட்டு, மறுநாள் அசலைத் திறந்தால் ஒரு திருத்தமும் இல்லை. அப்புறம் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் தேடி எடுத்தேன். அன்றிலிருந்து இணைப்பின் முகவரியை நகலெடுத்து, கோப்பு மேலாளரில் ஒட்டித்தான் திறக்கிறேன்.

இதைவிட முக்கியமானது ஒன்று. செல்பேசியிலிருந்தும் தேடலாமே என்று, வெப்யூஐ அமைப்பில் 127.0.0.1 (இந்தக் கணினிக்கு மட்டும்) என்று இருந்ததை 0.0.0.0 (நெட்வொர்க்கில் உள்ள மற்ற கருவிகளுக்கும்) என்று மாற்றினேன். கடவுச்சொல் எதுவும் வைக்கவில்லை. அதே வைஃபையில் இருக்கும் யாரும் என் வங்கிக் கணக்கு அறிக்கையைத் தேடி எடுக்கலாம் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. உடனே பழையபடி மாற்றினேன். தயவுசெய்து இந்தத் தவறை யாரும் செய்யாதீர்கள்.

தமிழில் தேடுவதற்குக் கொஞ்சம் பழக வேண்டும். 'வீடு' என்று தேடினால் 'வீட்டில்', 'வீட்டுக்கு' எல்லாம் என்னிடம் வருவதில்லை. 'வீட்ட*' என்று உடுக்குறி போட்டால் 'வீட்டை', 'வீட்டில்' வந்துவிடும், 'வீட்டுக்கு'வும் சேர்ந்தே வரும். ஆனால் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகள் எந்த வழியிலும் அகப்படாது. திரையில் 'தமிழ்' என்று தெரிவது, கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்றுதான் கிடக்கிறது. இன்று எல்லோரும் பயன்படுத்தும் எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றினால்தான் தேடலில் சிக்கும். ஸ்கேன் செய்த பிடிஎஃப்களும் அப்படியே: உள்ளே படம்தான் இருக்கிறது, எழுத்து இல்லை, ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுப்பது) செய்தாக வேண்டும்.

அடைவு இரவில் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரானில் போட்டிருக்கிறேன். காலையில் சேமித்ததை அன்றே தேட வேண்டுமென்றால் கையால் ஒரு முறை ஓட்டிவிடுவேன். பாமினி கோப்புகளை வாரம் பத்துப் பத்தாக மாற்றி வருகிறேன். போன வாரம் மாற்றியதில், தொலைந்தே போனதென்று விட்டுவிட்ட ஒரு கட்டுரை முதல் தேடலிலேயே வந்தது.